படம் போட்டுப் பாடம் சொன்ன கொமேனியஸ்



இந்த மாதச் சுவர் இதழில் நான் ஒரு வாத்தியாரைப் பற்றி எழுதுகிறேன். அவர் ராஜா இல்லை. போரில் ஜெயித்தவரும் இல்லை. சொல்லப்போனால் போரால் வீடு, குடும்பம், புத்தகம் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர். அப்படியிருந்தும் சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் படிக்க வேண்டும் என்று கடைசி வரைக்கும் பாடுபட்டார். படத்தையும் சொல்லையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால்தான் பாடம் மனசில் நிற்கும் என்று 1658-லேயே புத்தகம் போட்டுக் காட்டினார். அவர் பெயர் ஜான் ஆமோஸ் கொமேனியஸ்.

பி.எட். படிக்கிற அக்காக்களின் புத்தகத்தில் இந்தப் பெயர் இருக்கும். நம்ம டீச்சர்கள், சார்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நம்மைப் போல மாணவர்களுக்குத்தான் தெரியாது. நமக்காகவே உழைத்தவரை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதனால்தான் எழுதுகிறேன்.

இளமைப் பருவம்

கொமேனியஸ் 1592-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் மொராவியா என்ற பகுதியில் பிறந்தார். இப்போது அது செக் குடியரசில் இருக்கிறது. அட்லஸில் ஜெர்மனிக்கும் போலந்துக்கும் பக்கத்தில் பாருங்கள். கடலே இல்லாத நாடு அது.

சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். கொஞ்ச காலத்தில் அம்மாவும் போய்விட்டார். அத்தை வீட்டில் வளர்ந்தார். அவர் படிப்பைப் பற்றி அக்கறை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. லத்தீன் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேரும்போது அவருக்கு வயது 16. கூட உட்கார்ந்து படித்தவர்கள் எல்லாம் அவரைவிடச் சின்னப் பையன்கள். அந்த வகுப்பில் உட்காரவே எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன்.

ஆனால் அதிலும் ஒரு நன்மை இருந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் படிப்பு என்றால் லத்தீன்தான். வீட்டில் யாருமே பேசாத மொழி. அதன் இலக்கணப் புத்தகமும் லத்தீனிலேயே இருக்கும். மொழி தெரியாத பிள்ளைக்கு, தெரியாத மொழியிலேயே விதி சொல்லிக் கொடுப்பது! அர்த்தம் புரிகிறதோ இல்லையோ, அப்படியே மனப்பாடம் பண்ணி ஒப்பிக்க வேண்டும். தப்பினால் பிரம்படி. சின்னப் பையன்கள் பள்ளிக்கூடம் என்றால் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டார்கள். கொமேனியஸ் வளர்ந்த பையன் அல்லவா, அவருக்கு யோசிக்கத் தெரிந்தது. தப்பு பிள்ளைகளிடம் இல்லை, சொல்லிக் கொடுக்கிற முறையில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார். பிற்காலத்தில் அந்த மாதிரிப் பள்ளிக்கூடங்களைப் பிள்ளைகளின் அறிவைக் கொல்லும் இடங்கள் என்று கோபமாகவே எழுதினார்.

பிறகு ஜெர்மனியில் ஹெர்போன், ஹைடெல்பெர்க் என்ற ஊர்களில் மேல்படிப்பு படித்தார். 1614-இல் ஊருக்குத் திரும்பி, தான் படித்த பள்ளியிலேயே ஆசிரியர் ஆனார். முதல் வேலையாக இலக்கணத்தைச் சுலபமாக்கி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

போர் வந்தது

1618-இல் ஃபுல்னெக் என்ற ஊருக்குப் போதகராகவும் பள்ளி ஆசிரியராகவும் போனார். கல்யாணம் ஆகி, குடும்பம் நடத்தத் தொடங்கிய நேரம். அதே வருஷம்தான் ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் ஆரம்பித்தது. 1648 வரை நடந்த போர் அது. 1620-இல் வெள்ளை மலை என்ற இடத்தில் நடந்த சண்டையில் அவர்கள் பக்கம் தோற்றுப் போனது. அவர் சேர்ந்திருந்த சகோதரர் சபையைச் சேர்ந்த போதகர்களைத் தேட ஆரம்பித்தார்கள். கொமேனியஸ் ஒளிந்து வாழ வேண்டியதாகிவிட்டது.

1621-இல் படைகள் ஃபுல்னெக் ஊரைக் கொள்ளையடித்துத் தீ வைத்தன. அவர் சேர்த்து வைத்த புத்தகங்கள் போய்விட்டன. அடுத்த வருஷம் கொள்ளைநோய் வந்தது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் இறந்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 30.

1628-இல் சொந்த நாட்டை விட்டே கிளம்பிப் போலந்தில் உள்ள லெஷ்னோ என்ற ஊருக்குப் போனார். அதன் பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆயிரம் வாக்கியப் புத்தகம்

லெஷ்னோவில் மறுபடியும் பள்ளிக்கூட வேலை. 1631-இல் ஒரு லத்தீன் பாடப் புத்தகம் வெளியிட்டார். மொழிகளின் கதவைத் திறப்பது என்ற பொருளில் பெயர் வைத்தார். சுமார் 8,000 சொற்களை எடுத்து, 1,000 வாக்கியங்களாக்கி, 100 தலைப்புகளில் பிரித்திருந்தார். நெருப்பு, மரம், வீடு, உடம்பு, தொழில் என்று ஒவ்வொரு தலைப்பிலும் அதைச் சேர்ந்த சொற்கள். ஒரு பக்கம் லத்தீன், பக்கத்திலேயே பிள்ளையின் தாய்மொழி. விதியை உருப்போடாமல், தெரிந்த பொருள் வழியாக மொழியைப் பிடிக்கலாம் என்பது அவர் எண்ணம். புத்தகம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. பல மொழிகளில் மொழிபெயர்த்தார்கள். இங்கிலாந்தில் கூப்பிட்டார்கள், 1641-இல் போனார். அங்கேயும் உள்நாட்டுப் போர் வந்ததால் நிற்க முடியவில்லை. ஸ்வீடன் நாட்டுக்காகவும் பாடப் புத்தகங்கள் எழுதிக் கொடுத்தார்.

1650-இல் ஹங்கேரியில் சாரோஷ்பாடாக் என்ற ஊர்ப் பள்ளியைச் சீர்திருத்த அழைத்தார்கள். அங்கே போன பிறகு, இந்த ஆயிரம் வாக்கியமும்கூடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாரமாக இருப்பதைப் பார்த்தார். வேறு யாராவது இருந்தால் பிள்ளைகள் மக்கு என்று சொல்லியிருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. பாடங்களை நாடகமாக எழுதி மாணவர்களையே நடிக்க வைத்தார். அதோடு இன்னொரு புத்தகமும் எழுதினார். அதுதான் படப் புத்தகம்.

படத்தில் உலகம்

அந்தப் புத்தகத்தின் பெயர் ஆர்பிஸ் பிக்டஸ். படமாக வரைந்த உலகம் என்று சொல்லலாம். எழுதி முடித்தும் ஹங்கேரியில் படம் செதுக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்தில், மரக்கட்டையில் படம் செதுக்கி, 1658-இல் அச்சிட்டார்கள். பிள்ளைகளுக்கான முதல் படப் பாடப் புத்தகம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

மொத்தம் 150 பாடங்கள். வானம், நெருப்பு, காற்று, தண்ணீர், பறவை, மீன், மனித உடம்பு, ரொட்டி சுடுபவர், தையல்காரர், செருப்புத் தைப்பவர், அச்சகம், பள்ளிக்கூடம் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே ஒரு படம். கீழே இரண்டு பத்தி. ஒன்றில் லத்தீன், இன்னொன்றில் ஜெர்மன்.

எழுத்து அறிமுகம் இன்னும் அழகு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பிராணியோ வேறு ஏதாவதோ, அது போடுகிற சத்தமோடு. அ-வுக்குக் கரைகிற காகம், பெ-வுக்குக் கத்துகிற ஆட்டுக்குட்டி, ஸ்-க்குச் சீறுகிற பாம்பு. நாம் ஒன்றாம் வகுப்பில் அணில், ஆடு, இலை, ஈ என்று படம் பார்த்துப் படித்தோமே, அந்த மாதிரி. கண்ணுக்குப் படம், காதுக்குச் சத்தம், பக்கத்தில் எழுத்து. பிள்ளை எப்படி மறக்கும்?

கண்ணால் பார்க்க முடியாததை எப்படிப் படம் போடுவது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மனிதனின் ஆத்மா என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் வெறும் புள்ளிகளாலேயே ஒரு மனித உருவம் போட்டிருக்கிறார்கள். இருக்கு, ஆனா பிடிக்க முடியாது என்பது பார்த்த உடனே புரிந்துவிடும்!

எண் என்கிற கயிறு

தோழிகளே, இதுவரை படித்ததை மறந்தாலும் பரவாயில்லை, இந்தப் பகுதியை மட்டும் மறக்காதீர்கள்.

கொமேனியஸுக்கு முன்னாலும் புத்தகங்களில் படம் இருந்தது. அழகுக்கு ஒரு படம் இருக்கும், பாடம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். கொமேனியஸ் புத்தகத்தில் படத்துக்குள் 1, 2, 3 என்று எண்கள் இருக்கின்றன. கீழே வாக்கியத்தில் அந்தச் சொல் வரும்போது அதே எண் வருகிறது.

இந்தத் தாளில் வலது பக்கம் நான் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடம் என்ற பாடத்தை வைத்து வரைந்தது. எண் 1 பள்ளிக்கூடம். எண் 2 ஆசிரியர். எண் 3 அவர் உட்காரும் நாற்காலி. எண் 4 மாணவர்கள். எண் 5 பெஞ்சு. எண் 6 சாக்பீஸால் எழுதும் பலகை. எண் 9 எழுந்து நின்று ஒப்பிக்கிறவர்கள். எண் 10 யார் தெரியுமா? பாடம் கவனிக்காமல் பேசிக்கொண்டிருப்பவர்கள்! அந்தக் காலத்திலும் கடைசி பெஞ்சு இருந்திருக்கிறது.

பிள்ளை வாக்கியத்தைப் படிக்கும். எண்ணைப் பார்க்கும். உடனே கண் படத்துக்கு ஓடும். அங்கே பொருளைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொல்லுக்கு வரும். இப்படி மேலேயும் கீழேயும் போய்ப் போய் வரும்போது சொல்லும் படமும் மனசில் ஒட்டிக்கொள்ளும். எண் என்பது இரண்டையும் கட்டுகிற கயிறு. கயிறு இல்லாவிட்டால் படம் தனி, பாடம் தனி. படம் பார்த்த சந்தோஷம் மட்டும்தான் மிச்சம்.

படத்தோடு விட்டுவிடவும் அவர் சொல்லவில்லை. நிறத்தையும் ருசியையும் மை அச்சில் காட்ட முடியாது, அதனால் முடிந்தவரை நிஜப் பொருளையே காட்டுங்கள் என்பது அவர் முன்னுரையில் சொன்ன கருத்து. பிள்ளைகள் ஆசைப்பட்டால் அந்தப் படங்களைத் தாங்களே பார்த்து வரையவும் விடச் சொன்னார்.

1659-லேயே இங்கிலாந்தில் ஆங்கிலப் பதிப்பு வந்துவிட்டது. 1666-இல் லத்தீன், ஜெர்மன், இத்தாலி, பிரெஞ்சு என்று நான்கு மொழியில் ஒரே புத்தகமாக வந்தது. ஜெர்மனியின் பெரிய கவிஞர் கதே (1749–1832) சின்ன வயதில் பார்த்த படப் புத்தகமும் இதுதான்.

மறுபடியும் தீ

புத்தகம் அச்சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால் இன்னொரு இடி விழுந்தது. கொமேனியஸ் லெஷ்னோவுக்குத் திரும்பியிருந்தார். 1656-இல் போர் அங்கேயும் வந்து ஊரே எரிந்தது. வீடு போனது. கையெழுத்துப் பிரதிகள் பல போயின. தன் தாய்மொழியான செக் மொழிக்காக 40 வருஷத்துக்கு மேல் சொல் சொல்லாகச் சேர்த்து எழுதிய அகராதியும் சாம்பலாகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 64.

நமக்கு ஒரு ரெக்கார்டு நோட்டு தொலைந்தாலே திரும்ப எழுத மனசு வருவதில்லை. அவர் அந்த வயதில் ஆம்ஸ்டர்டாம் போய் மறுபடியும் எழுத உட்கார்ந்தார். அடுத்த வருஷமே, கல்வியைப் பற்றித் தான் எழுதியவற்றை எல்லாம் சேர்த்துப் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். அதற்கும் அடுத்த வருஷம்தான் படப் புத்தகம் வெளிவந்தது. 1670-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். பக்கத்தில் நார்டன் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

கொமேனியஸ் அனுபவத்தில் கண்டதைப் பிற்காலத்தில் மனவியல் அறிஞர்களும் ஆராய்ந்தார்கள். கனடா நாட்டு ஆலன் பைவியோ 1971-இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். நம் மனசு சொல்லை ஒரு வழியிலும், உருவத்தை இன்னொரு வழியிலும் பதிய வைக்கிறது என்பது அவர் கொள்கை. ஒரே விஷயம் இரண்டு வழியிலும் பதிந்தால், ஒன்று மறந்தாலும் இன்னொன்றைப் பிடித்து வந்துவிடலாம். கிணற்றில் விழுந்த வாளியை ஒரு கொக்கியால் எடுப்பதைவிட இரண்டு கொக்கி இருந்தால் சுலபம் இல்லையா? அதுபோலத்தான்.

இதை நாம் எப்படிச் செய்யலாம்?

நான் அறிவியல் பாடத்தில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். செரிமான மண்டலம் பாடம் எடுத்துக்கொண்டேன்.

1. புத்தகத்தைப் பார்த்துப் படத்தை வரைய வேண்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை. கோடு போதும்.

2. பெயர் எழுதாமல் எண் மட்டும் போட வேண்டும். வாய் 1, உணவுக்குழல் 2, இரைப்பை 3, சிறுகுடல் 4, பெருங்குடல் 5, கல்லீரல் 6.

3. படத்துக்குக் கீழே சொந்த வாக்கியத்தில், எண்ணோடு எழுத வேண்டும். உமிழ்நீர் 1-இல் சேர்கிறது. 6-இல் உண்டாகும் பித்தநீர் 4-க்கு வருகிறது. செரித்த உணவின் சத்து 4-இல் உறிஞ்சப்படுகிறது.

4. புத்தகத்தை மூடிவிட்டு, படத்தைப் பார்த்து வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். பிறகு வாக்கியத்தைப் பார்த்துப் படத்தை வரைய வேண்டும். இரண்டு பக்கமும் வந்தால்தான் படித்ததாகக் கணக்கு.

5. அடுத்த நாள் காலையில் வெறும் தாளில் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

வரலாற்றுப் பாடத்துக்கு வருஷங்களை ஒரு கோட்டில் குறித்துப் பக்கத்தில் சின்னப் படம் போடலாம். கொமேனியஸ் வாழ்க்கையையே அப்படிப் போட்டிருக்கிறேன், இந்தத் தாளின் அடியில் பாருங்கள். 1621-க்கு ஒரு தீ, 1628-க்கு ஒரு மூட்டை, 1656-க்கு இன்னொரு தீ, 1658-க்கு ஒரு புத்தகம்.

ஏன் இதை எழுதினேன்?

போன வருஷம் எங்களோடு படித்த ஒருத்தி இந்த வருஷம் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் வசதிக் குறைவு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவளே என்னிடம் சொன்னாள். எனக்குப் படிப்பு மண்டையில் ஏறலடி, எத்தனை தடவை படிச்சாலும் மறந்துபோகுது, உட்கார்ந்து என்ன ஆகப்போகுது என்றாள். அவள் கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்கும். இருபத்தொரு புள்ளிக் கோலத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுநாள் அப்படியே போடுவாள். எதுவும் பார்க்காமல், ஒரு புள்ளி பிசகாமல். அவளுக்கா ஞாபக சக்தி இல்லை? அவள் கண்ணில் இருந்த ஞாபகத்தைப் பாடத்தோடு கட்ட ஒரு கயிறு கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கொமேனியஸ் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், நகரத்தில் மட்டும் இல்லை, சின்னச் சின்னக் கிராமத்திலும் பள்ளி வேண்டும் என்றார். பெண்களைப் படிக்க வைக்க எத்தனையோ பேர் தயங்கிய காலம் அது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற எனக்கு, இதைப் படித்ததும் நம்ம ஊரையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார் போல என்று தோன்றியது.

அவளைப் போன வாரம் பார்த்தேன். இந்த எண் போடுகிற முறையைச் சொல்லி, செரிமான மண்டலப் படத்தை மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினேன். ஒரே தடவைதான். அவள் அழித்துவிட்டு முழுசாகத் திரும்பப் போட்டாள், கல்லீரல் உட்பட. திரும்ப வருவாளா என்று தெரியாது. ஆனால் வரலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். டீச்சரும் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

செக் குடியரசில் கொமேனியஸ் பிறந்த மார்ச் 28-ஐத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த நாட்டு 200 கொருனா நோட்டில் அவர் படம் இருக்கிறது. இருந்த நாட்டை விட்டு ஓட வேண்டி வந்தவருக்கு அந்த நாடே பின்னாளில் கொடுத்த மரியாதை.

ஒரு வேண்டுகோள். இந்தத் தாளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் பாடத்தில் எது கஷ்டமோ, அதை ஒரு அரைத்தாளில் படமாக வரைந்து, எண் போட்டு, கீழே நான்கு வாக்கியம் எழுதி இங்கே ஒட்டுங்கள். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் ஒட்டலாம். படம் கோணலாக இருந்தால் யாரும் சிரிக்கக் கூடாது!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி